விடை முன்கூட்டியே தெரியாத செய்முறை: ஓர் உயிர் இரசாயன ஆய்வுகூடப் பாடநெறி பற்றிய மதிப்புரை

மலையகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், விஞ்ஞான பீடத்து மூன்றாம் ஆண்டு மாணவர்கள் விரும்பினால் தெரிவு செய்யக்கூடிய உயிர் இரசாயன ஆய்வுகூடப் பாடநெறியைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் எழுதவேண்டியிருப்பதால் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன். அப்பாடநெறியைக் கற்று வெளியேறி, இன்று ஹட்டன் பிரதேசத்தில் க.பொ.த. உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். என்னிடம் படித்துப் பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில், "மிஸ், அதை எடுக்கலாமா, எடுத்தால் புள்ளி குறைந்துவிடுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் அது எதைத் தருகிறது, எதைத் தரவில்லை, எவ்வளவு உழைப்பைக் கேட்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்கவேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலிரண்டு ஆண்டுகளில் நாங்கள் செய்த செய்முறைகளை நினைத்துப் பார்த்தால்தான் இதன் பெறுமதி விளங்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேசு மாப்பொருளைச் சிதைக்கிறதா என்று அயடீன் துளிகளால் பார்ப்பதும், முட்டை வெள்ளைக்கருவின் புரதத்தை பையுரெற்றுச் சோதனையால் கண்டறிவதும், தெரியாத வெல்லக் கரைசலை பெனடிக்ற் கரைசலால் இனங்காண்பதும் பாடசாலைக் காலத்திலிருந்தே எல்லோருக்கும் பழக்கமானவை. அவை தேவையற்றவை அல்ல. கைப்பழக்கத்துக்கு அவை வேண்டும். ஆயினும் அச்செய்முறைகள் எல்லாவற்றிலும் வரவேண்டிய விடை கைந்நூலிலேயே இருந்தது. கிடைத்த எண் அதற்கு ஒத்துவந்தால் சரி, வராவிட்டால் பிழை. வராத எண்ணை அடுத்த மேசையிலிருந்து பெற்று நிரப்பிக்கொள்ளும் பழக்கமும் அங்கேதான் தொடங்குகிறது. எண் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு அந்த மூன்று மணித்தியாலத்தில் நேரமும் இல்லை, கேட்டால் புள்ளியும் இல்லை.

இந்தப் பாடநெறி அந்த ஒழுங்கை மாற்றுகிறது. தவணை முழுவதற்கும் ஒரே ஒரு நொதியம். அதைப் பிரித்தெடுப்பது, அளப்பது, தூய்மையாக்குவது, பின்னர் அதைப் பற்றி மாணவர்களே கேட்கும் ஒரு கேள்விக்கு விடை தேடுவது. அந்தக் கேள்விக்கான விடை விரிவுரையாளரின் கோப்பில் இல்லை. நொதியம் எது என்பதுதான் மலையகத்தவருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி: தேயிலைக் கொழுந்தில் உள்ள பொலிபீனோல் ஒட்சிடேஸ். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு, பச்சைக் கொழுந்து கறுப்புத் தேயிலையாக மாறுவதற்குக் காரணமாக இருந்துவருவது இந்த நொதியந்தான். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நாள்தோறும் நடக்கும் அந்த மாற்றத்தை அங்கு நொதித்தல் என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். நுண்ணங்கிக்கு அதில் பங்கில்லை, நடப்பது ஒட்சியேற்றமே. இலையின் உயிருள்ள கலத்தில் கட்டெக்கின்கள் என்ற பொலிபீனோல்கள் புன்வெற்றிடத்திலும் நொதியம் பச்சையவுருமணியிலும் பிரிந்தே இருக்கின்றன. உருட்டு இயந்திரம் கலங்களை நசுக்கும்போது இரண்டும் கலக்க, காற்றின் ஒட்சிசனைக் கொண்டு கட்டெக்கின்கள் குயினோன்களாகி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து, தேநீருக்கு நிறம் தரும் தியாஃப்ளேவின்களாகவும் தியாருபிஜின்களாகவும் மாறுகின்றன. நொதியத்தின் இயக்க மையத்தில் இரண்டு செம்பு அயன்கள் உண்டு. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதும் இதே வகை நொதியத்தால்தான்.

ஆய்வுப் பொருளாக இதனைத் தெரிந்த விரிவுரையாளரைப் பாராட்டவேண்டும். ஏனெனில் இந்த நொதியம் தன்னைப் பிரித்தெடுக்க இலகுவில் விடாது. இளங்கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு பொலிபீனோல்கள். இலையை அரைத்த கணமே அவை குயினோன்களாகிப் புரதங்களுடன் பிணைந்துகொள்வதால், கவனிக்காமல் அரைத்த சாறு சில நிமிடங்களில் செங்கபில நிறமாகி, நாம் தேடிய நொதியமும் அதனோடு போய்விடும். ஆகவே இலையைக் குளிரில் வைத்திருக்கவேண்டும். மறை 20 பாகை செல்சியஸ் அசெற்றோனில் அரைத்துத் தூளாக்கவேண்டும், அல்லது பொலிபீனோல்களைப் பிடித்துக்கொள்ளும் பொலிவைனைல்பொலிபைரோலிடோன் தூளையும் அஸ்கோபிக் அமிலத்தையும், பி.எச். மாறாமல் வைத்திருக்கும் தாங்கற் கரைசலில் சேர்த்தே அரைக்கவேண்டும். கொழுந்தைக் கிள்ளியவுடன் ஐஸ் பெட்டியில் போட்டபோது, எங்களுக்கு மலையைக் காட்டித் தந்த அக்கா வியப்புடன், "ஏன் புள்ள, கிள்ளுன ஒடனேயே ஐஸ்ல போடுறீங்க? வாடாம எப்புடித் தூளாகும்?" என்று கேட்டார். தொழிற்சாலைக்கு வேண்டியது நொதியம் தன் வேலையைச் செய்வது. எங்களுக்கு வேண்டியது அது அளவிடும் நேரம்வரை வேலை தொடங்காமல் இருப்பது. அவர் கேட்ட கேள்வியில் இந்தப் பாடநெறியின் முதல் மூன்று வாரப் பாடமும் அடங்கியிருந்தது.

பிரித்தெடுத்தலில் ஒரு படியைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அடுத்த படியில் தொல்லையாக வந்து நிற்கும் என்பதையும் இங்கேதான் கண்ணால் கண்டோம். செயற்பாட்டை அளப்பதற்கு, இந்த நொதியம் ஒட்சியேற்றும் எளிய பீனோலான கட்டெக்கோலின் கரைசலுடன் சாற்றைச் சேர்த்து, 420 நனோமீற்றர் அலைநீளத்தில் ஒளி அகத்துறிஞ்சல் எவ்வளவு வேகமாக உயர்கிறது என்று பார்ப்பது முறை. சாற்றைச் சேர்த்த பின்னரும் முதல் ஒரு நிமிடத்துக்கு எண் அசையவேயில்லை. பிறகு திடீரென ஏறத் தொடங்கியது. நொதியம் விழித்தெழ நேரம் எடுக்கிறது என்று ஒருவர் சொன்னார்; வெப்பநிலை சமநிலைக்கு வரவில்லை என்றார் இன்னொருவர். கைந்நூலில் விடை இல்லாததால் நாங்களே யோசிக்கவேண்டியிருந்தது. கூழ்பிரித்த மாதிரியில், அதாவது சிறு மூலக்கூறுகளை மென்சவ்வினூடாக வெளியேற்றிப் புரதத்தை மட்டும் நிறுத்திக்கொண்ட மாதிரியில், அந்தத் தாமதம் மறைந்துபோனதும் காரணம் தெளிந்தது: நாங்கள் பாதுகாப்புக்காகச் சேர்த்த அஸ்கோபிக் அமிலம், உருவாகும் குயினோனை மீண்டும் கட்டெக்கோலாகத் தாழ்த்திக்கொண்டிருந்தது, அது தீரும்வரை நிறம் தெரியவில்லை. ஒரு தாழ்த்தி எப்படி வேலை செய்கிறது என்பதை விரிவுரை மண்டபத்தில் பலமுறை கேட்டிருந்தாலும், வரைபடத்தின் அந்தத் தட்டையான முதல் நிமிடம் தந்த தெளிவு வேறு.

அமோனியம் சல்பேற்று உப்பால் புரதத்தை வீழ்படிவாக்குதலும் கூழ்பிரித்தலும் வழக்கமான முறையில் நடக்கின்றன. 0 பாகையில் 40 சதவீத நிரம்பலுக்கு லீற்றருக்கு 226 கிராம் என்ற அட்டவணைக் கணக்கு, உப்பை நுரை எழாமல் சிறிது சிறிதாகச் சேர்க்கும் கைப்பக்குவம் எல்லாம் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. புரத அளவுக்கு மேரியன் பிராட்ஃபோர்ட் 1976இல் வெளியிட்ட சாயமுறையே பயன்படுகிறது. பொலிபீனோல் மிஞ்சியிருந்தால் அந்த அளவீடும் பிறழும் என்பதால், பச்சைச் சாற்றின் புரத எண்ணை எவ்வளவு நம்பலாம் என்ற விவாதத்துக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கப்பட்டது. அது வீண்போகவில்லை. தூய்மையாக்கல் அட்டவணையில் ஒரு படியில் மொத்தச் செயற்பாடு 100 சதவீதத்தைத் தாண்டியபோது, கணக்கைத் திருத்தி எழுதுவதற்குப் பதிலாக, முந்திய படியில் நொதியத்தை அடக்கிவைத்திருந்த ஏதோ ஒன்று இப்போது நீங்கியிருக்கவேண்டும் என்று காரணம் காணும் துணிவு எங்களுக்கு அந்த விவாதத்தால்தான் வந்தது.

பாடநெறியின் உயிர்நாடி கட்டுப்பாட்டுப் பரிசோதனைகளில் இருக்கிறது. பி.எச். மாற்றத்துக்கு ஏற்ப நொதியத்தின் வேகம் எப்படி மாறுகிறது என்று எல்லா அணிகளும் அளந்தன. அமிலப் பக்கத்தில், 5.5ஐ அண்டி, எதிர்பார்த்த உச்சி வந்தது. ஆனால் ஓர் அணியின் வரைபடத்தில் 8ஐத் தாண்டியதும் வேகம் மறுபடி உயர்ந்துகொண்டே போனது. இரண்டு உச்சிகள் இருந்தால் இரண்டு வகை நொதியம் இருக்கலாம் என்று அவர்கள் உற்சாகமாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். அது முட்டாள்தனமான எண்ணம் அல்ல, தாவரங்களில் இந்த நொதியம் பல வடிவங்களில் இருப்பது உண்மையே. விரிவுரையாளர் மறுப்பும் சொல்லவில்லை, ஒப்புதலும் தரவில்லை; "கொதிக்கவைத்த சாற்றில் அதே அளவீட்டைச் செய்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். செய்து பார்த்தபோது, நொதியம் அழிந்துபோன அந்தச் சாற்றிலும் பி.எச். 8க்கு மேல் அதே வேகத்தில் நிறம் ஏறியது. சாறே சேர்க்காத வெறும் தாங்கற் கரைசலிலும் ஏறியது. காரத்தன்மையில் கட்டெக்கோல் தானாகவே ஒட்சியேற்றமடைகிறது. நொதியம் இல்லாமல் கிடைக்கும் அந்த வெற்று வாசிப்பைக் கழித்தவுடன் இரண்டாவது உச்சி இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து எந்த அணியும் வெற்று வாசிப்பில்லாமல் ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை. ஐதரசன் பேரொட்சைட்டைக் கொண்டு பீனோல்களை ஒட்சியேற்றும் பெரொக்சிடேஸ் என்ற நொதியமும் இலைச்சாற்றில் இருப்பதால், அந்தப் பேரொட்சைட்டைச் சிதைக்கும் கட்டலேஸைச் சேர்த்து, காண்பது பெரொக்சிடேஸின் வேலை அல்ல என்று உறுதிப்படுத்தும் இன்னொரு கட்டுப்பாட்டை மாணவர்களே முன்மொழிந்து செய்தார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் கேட்காமலே ஒரு கட்டுப்பாட்டை முன்மொழிவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

பாடசாலையில் இந்தக் கொதிக்கவைத்த சாற்றுக் கட்டுப்பாட்டைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்காக ஒரு சிறு குறிப்பு: நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். இந்த நொதியத்தை அழிக்க அது போதும், ஆனால் சாறு முழுவதும் அந்த வெப்பத்தை அடையும்வரை வைத்திருக்கவேண்டும்.

இரண்டாவது பாதியில் அணிகள் தங்கள் கேள்வியைத் தாங்களே தெரிவு செய்கின்றன. எங்கள் அணி, கொழுந்து வாடும்போது நொதியத்தின் செயற்பாடு மாறுகிறதா என்று பார்க்க முடிவு செய்தது. தொழிற்சாலைகளில் கொழுந்தை அரைப்பதற்கு முன் பல மணித்தியாலங்கள் வாட்டுத் தொட்டிகளில் பரப்பிக் காற்றுச் செலுத்துவதை எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள். எங்களில் இருவருடைய தந்தையர் அந்த வேலையே செய்தவர்கள். ஆகவே கேள்வி எங்களுக்கு அந்நியமானது அல்ல. முதல் முடிவு மிகத் தெளிவாக இருந்தது: வாடிய இலையில், ஒரு கிராமுக்கான செயற்பாடு பச்சை இலையை விட ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல். மூன்று மாதிரிகளிலும் அதே போக்கு. வாட்டுதல் நொதியத்தைத் தூண்டுகிறது என்று அறிக்கையின் தலைப்பைக்கூட எழுதிவிட்டோம்.

உதவி விரிவுரையாளர் எங்கள் அட்டவணையை எடுத்துப் பார்த்துவிட்டு, "எதன் ஒரு கிராம்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியோடு அன்றைய பிற்பகல் முழுவதும் போயிற்று. பச்சைக் கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். 100 கிராம் கொழுந்தில் 25 கிராம் உலர்பொருள் இருப்பதாகக் கொண்டால், நீர் 55 சதவீதமாகக் குறையும்வரை வாட்டும்போது மொத்த நிறை ஏறத்தாழ 56 கிராமாகிவிடும். நொதியம் அணுவளவும் கூடாமலே, ஒரு கிராம் இலைக்கான செயற்பாடு 1.8 மடங்காகத் தெரியும். உலர்நிறைக்கும் புரதத்தின் மில்லிகிராமுக்கும் எண்களை மாற்றி எழுதியபோது, எங்கள் பெரிய கண்டுபிடிப்பு மாதிரிகளுக்கிடையிலான சாதாரண ஏற்றத்தாழ்வுக்குள் கரைந்துபோனது. பாடநெறி அத்தோடு எங்களை விட்டுவிடவுமில்லை. உலர்நிறைக்கு மாற்றிய பின்னரும் ஒரு சிறு மாற்றம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்ல எத்தனை மாதிரிகள் தேவை என்று கணக்கிடச் சொன்னது. தேவைப்பட்ட எண்ணிக்கை எங்களிடம் இருந்ததைவிட அதிகம். "எங்கள் தரவுகளைக் கொண்டு முடிவு சொல்ல இயலாது" என்று அறிக்கையில் எழுதினோம். அதற்கான காரணத்தை முறையாக எழுதியதற்கு நல்ல புள்ளி கிடைத்தது. பகுதியெண் எது என்று கேட்கும் பழக்கத்தை இன்று என் மாணவர்களிடம் நான் வளர்க்க முயல்வதற்கு அந்தப் பிற்பகல்தான் மூலம்.

இயக்கவியல் பகுதி நன்று, ஆனால் அவசரமாக முடிகிறது. நொதியத்தின் வேகத்தை, அது தாக்கும் பொருளான கீழ்ப்படையின் செறிவோடு தொடர்புபடுத்தி மைக்கேலிஸும் மோட் மென்டனும் 1913இல் முன்வைத்த சமன்பாட்டை எங்கள் சொந்தத் தரவுகளுக்குக் கணினியில் நேரடியாகப் பொருத்தினோம். 1934இல் வந்த லைன்வீவர்-பேர்க் தலைகீழ் வரைபையும் வரைந்து, குறைந்த செறிவிலுள்ள சிறு வழுக்களை அது எப்படிப் பெருப்பித்துக் காட்டுகிறது என்று ஒப்பிட்டோம். பரீட்சைத் தாள்களில் இன்னமும் அந்த நேர்கோடுதான் ஆட்சி செய்கிறது என்பதால் இந்த ஒப்பீடு மிகத் தேவையானது. ஆனால் நொதியத்தைத் தடுக்கும் பொருள்களான நிரோதிகளுக்கு ஒரே ஒரு வகுப்புத்தான் மிஞ்சியது. செம்பு மையத்தைக் கொண்ட நொதியத்தில் கோஜிக் அமிலம் போன்ற நிரோதிகளை நிதானமாகப் பார்த்திருந்தால், அமைப்புக்கும் தொழிற்பாட்டுக்கும் உள்ள தொடர்பு இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும். இன்னொரு குறை: செலவு கருதித் தேயிலையின் இயற்கையான கட்டெக்கின்களுக்குப் பதிலாகக் கட்டெக்கோலே கீழ்ப்படையாகப் பயன்படுகிறது. கற்பிப்பதற்கு அது போதும். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் மைக்கேலிஸ் மாறிலியை (உச்ச வேகத்தின் பாதியைத் தரும் கீழ்ப்படைச் செறிவை) வைத்துத் தொழிற்சாலையில் நடப்பதைப் பற்றிப் பேச முடியாது என்பதைக் கைந்நூல் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இப்போது சொல்வதில்லை.

இப்படிக் கற்பிப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய புதுமை அல்ல. அமெரிக்காவில் 2008இல் ஹோவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவில் தொடங்கிய சீ-ஃபேஜஸ் திட்டத்தில், முதலாம் ஆண்டு மாணவர்கள் மண்ணிலிருந்து பற்றீரியத்தின்னி வைரசுகளைத் தாங்களே பிரித்தெடுத்து அவற்றின் மரபணுத் தொகுதியை ஆராய்கிறார்கள். பேசில் என்ற கூட்டமைப்பு, முப்பரிமாண அமைப்பு அறியப்பட்டும் தொழில் அறியப்படாத புரதங்களைத் தெரிந்து, அவற்றின் தொழிலை முதலில் கணினியில் ஊகித்துப் பின்னர் ஆய்வுகூடத்தில் சோதிக்கும் பாடத்திட்டத்தை உயிர் இரசாயன மாணவர்களுக்காகவே அமைத்திருக்கிறது. இத்தகைய பாடநெறிகளை ஆராய்ந்த கல்வியியலாளர் குழுவொன்று 2014இல் ஐந்து இயல்புகளை வரையறுத்தது: விஞ்ஞானத்தின் செயல்முறைகளைக் கையாளுதல், புதியதைக் கண்டறிதல், வகுப்பறைக்கு வெளியிலும் பொருளுள்ள வேலை, கூட்டுழைப்பு, செய்ததை மீளச் செய்து திருத்துதல். இந்த ஐந்தையும் அளவுகோலாக வைத்தால், நமது பாடநெறி முதலிரண்டிலும் மிகச் சிறப்பாக நிற்கிறது. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் தளர்கிறது. தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் நிறுவப்பட்டது. இதே நொதியத்தைத் தொழில்முறையாக அறிந்த ஆய்வாளர்களின் உலகம் அவ்வளவு அருகில் இருக்க, மாணவர்களின் தரவுகள் அறிக்கையாகி, புள்ளியாகி, அலுமாரியில் அடங்கிவிடுவது பெரும் இழப்பு. ஒவ்வோர் ஆண்டின் தரவையும் அடுத்த ஆண்டு மாணவர்கள் தொடரும்படி ஒரு பொதுப் பதிவேடு வைத்தாலே பாதிக் குறை தீரும்.

குறைகளில் முதன்மையானது கருவிப் பற்றாக்குறை. ஒளி அகத்துறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் எல்லா அணிகளுக்கும் பொதுவானது. ஆரம்ப வேகத்தை அளக்கவேண்டிய பரிசோதனையில், வரிசையில் நிற்கும் நேரத்துக்குள் நொதியம் ஐஸிலேயே வலுவிழந்துகொண்டிருக்கும். நாங்கள் அணிகளுக்கிடையில் நேர அட்டவணை போட்டுச் சமாளித்தோம். 2022இன் மின்வெட்டுக் காலத்தையும் இறக்குமதி நெருக்கடியையும் கடந்து வந்த ஆய்வுகூடங்களில் இரசாயனப் பொருள்கள் காலந்தாழ்த்தி வருவதை எவரும் குற்றமாகச் சொல்லமாட்டார்கள்; ஆனால் மாற்றுத்திட்டமொன்றை முன்கூட்டியே வைத்திருப்பது கடமை. கூழ்பிரித்தல் குழாய் வராத வாரத்தில் எங்களை வெறுமனே திருப்பியனுப்பினார்கள். அந்த வாரத்தைத் தரவுப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தியிருக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்லவேண்டும். கட்டெக்கோல் நச்சுத்தன்மையுள்ளது, தோலினூடாக உடலில் ஏறும். புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லை ஊற்றப் பயன்படும் அக்ரிலமைட்டு நரம்புகளைத் தாக்கும். கையுறை தரப்பட்டது, அறிவுறுத்தல் தரப்பட்டது. ஆனால் கட்டெக்கோலைப் புகைக்கூண்டுக்குள் நிறுக்கவேண்டும் என்ற விதியை, கூண்டு ஒன்றே இருந்ததால், அவசரத்தில் தளர்த்தினார்கள். அது தளர்த்தக்கூடிய விதி அல்ல. கரைசலை முன்கூட்டியே ஆய்வுகூட உதவியாளர் தயாரித்துத் தந்தால் இந்த ஆபத்து முற்றாக நீங்கும்.

மதிப்பீட்டு முறை பாடநெறியின் நோக்கத்துக்கு முழுமையாக இன்னும் பொருந்தவில்லை. குறிப்பேட்டுக்குப் புள்ளி உண்டு, அது வரவேற்கத்தக்கது. ஆயினும் முதல் வரைவைத் திருத்தி மீளக் கொடுக்க வாய்ப்பில்லை. ஆராய்ச்சியில் எவரும் முதல் வரைவை அச்சுக்கு அனுப்புவதில்லை. நால்வர் அணியில் எழுத்து வேலை ஆங்கிலம் நன்றாக வரும் ஒருவர் தலையில் விழுந்து, மற்றவர்கள் சிந்தித்ததை எழுதிப் பழகாமலே வெளியேறுகிறார்கள். தமிழ்மூலம் உயர்தரம் முடித்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கு இது இரட்டை இழப்பு. பரிசோதனையை நன்றாக விளங்கிக்கொண்ட ஒருத்தி, எழுத்தில் பின்தங்கியதால் கணக்கில் சேராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் ஒரு பகுதியை எழுதவேண்டும் என்ற விதியும், குறிப்பேட்டைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதும் அனுமதியும் இருந்தால் போதும். பொறுப்பாளர்கள் கேட்கிறவர்கள்தான், தவணை முடிவுப் படிவத்தில் எழுதுங்கள்.

நேரத்தைப் பற்றியும் தெரிந்திருங்கள். அட்டவணையில் ஒரு பிற்பகல் என்று இருக்கும். கூழ்பிரித்தலில் கரைசலை மாற்ற இரவிலும், மையநீக்கி ஓய்வாகும் காலையிலும் வரவேண்டியிருக்கும். விடுதியில் தங்கியிருப்பவர்களுக்குச் சிரமமில்லை. தூரத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், அணியைச் சேர்க்கும்போதே இரவு வேலையை யார் ஏற்பது என்று பேசிக்கொள்ளுங்கள். மனனம் செய்து உயர்ந்த புள்ளி எடுக்கப் பழகியவர்களுக்கு முதல் மாதம் கசக்கும். பட்டப்பின்படிப்பிலோ, தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடத்திலோ, ஆசிரியத் தொழிலிலோ நாட்டமுள்ளவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தெரிவுப் பாடம் அந்தப் பீடத்தில் இல்லை என்பது என் கணிப்பு. இடங்கள் குறைவு, பதிவு திறந்தவுடன் பெயரைக் கொடுத்துவிடுங்கள். பதியும் முன் செறிவுக் கணக்குகளையும் நியம விலகலையும் ஒருமுறை மீட்டுப் பாருங்கள், வேறு ஆயத்தம் வேண்டாம்.

கொழுந்து எடுக்கத் தோட்டத்துக்குப் போகும்போது துறைத் தலைவரின் கடிதத்தைத் தோட்ட அலுவலகத்தில் காட்டி அனுமதி பெற்ற பின்னரே மலைக்கு ஏறுங்கள். இரண்டு இலையும் மொட்டும் மட்டும் எடுங்கள். எந்த இலை என்பதில் அணிக்கு அணி வேறுபாடு இருந்தால் எண்களும் வேறுபடும். எந்த இனம், எந்த மலை, கடைசியாக எப்போது கவ்வாத்து வெட்டினார்கள், எப்போது மருந்து அடித்தார்கள் என்ற விபரங்களைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு அன்றே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். எங்களுக்கு முந்திய ஆண்டு அணியொன்று இதே வாட்டுதல் கேள்வியை எடுத்து, எங்களைவிடக் கூடிய மாதிரிகளை அளந்திருந்தது. அந்த விபரங்கள் அவர்களுடைய குறிப்பேட்டில் இல்லாததால், அவர்களுடைய தரவுகளை எங்களுடையவற்றோடு சேர்த்துப் பார்க்க முடியாமல் போயிற்று.